ரூட் இருக்கிறது, நம் கையில் இல்லை: ஆண்ட்ராய்டும் மேசைக் கணினி லினக்ஸும்

செப்டம்பர் 6, 2025 (கேள்வி)

"கணினியில் லினக்ஸ் நிறுவும்போதே ரூட், அதாவது இயந்திரத்தில் எதையும் மாற்றும் முழு அதிகாரம், என் கைக்கு வந்துவிடுகிறது. அதே கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையக்கரு) ஆண்ட்ராய்டிலும் ஓடுகிறது, ஆனால் அங்கே ரூட் கேட்டால் திருட்டு வேலை செய்பவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். பாதுகாப்பு என்று சொல்வதெல்லாம் சாக்கு. ரூட் இல்லாத போன் வாங்கியவருடையது இல்லை. யாராவது மறுக்க முடியுமா?"

செப்டம்பர் 6, இரவு

கடைசி வரியோடு எனக்குச் சண்டை இல்லை. 'சாக்கு' என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மேசைக் கணினியில் ரூட் எதைக் காக்கிறது என்று பாருங்கள். யூனிக்ஸ் உருவான காலத்தில் ஒரே இயந்திரத்தில் பலர் வேலை செய்தார்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடக்கூடாது, யாரும் இயங்குதளத்தைக் கெடுத்துவிடக்கூடாது, அதற்காக வந்த ஏற்பாடு அது. என் மடிக்கணினியில் இன்று நான் ஒருவன்தான். நான் ஓடவிடும் எல்லா நிரல்களும் என் பெயரில், என் முழு உரிமையோடு ஓடுகின்றன. எங்கிருந்தோ இறக்கிய ஒரு சின்ன விளையாட்டு நிரல், ரூட் எதுவும் கேட்காமலே என் ஹோம் அடைவில் கிடக்கும் எஸ்எஸ்எச் சாவியை (பிற கணினிகளுக்குள் நுழைய உதவும் ரகசியக் கோப்பை) படிக்கலாம், உலாவியின் குக்கீகளை அள்ளலாம், புகைப்படங்களை வெளியே அனுப்பலாம். ஒரு பிரின்டர் டிரைவரை நிறுவ மட்டும் பாஸ்வேர்டு கேட்கும். இயங்குதளம் கெட்டால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். புகைப்படங்கள் போனால் போனதுதான், அவற்றுக்கோ காவலே கிடையாது.

ஆண்ட்ராய்டு அதே கெர்னலின் அதே யூசர் ஐடியை (ஒவ்வொரு பயனருக்கும் கெர்னல் தரும் எண்ணை) எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தியது. அங்கே ஒவ்வொரு செயலியும் ஒரு தனிப் 'பயனர்'. நிறுவும்போதே அதற்கு 10000-த்திலிருந்து தொடங்கும் எண்களில் ஒன்று கிடைக்கிறது, ஒன்றின் கோப்பை இன்னொன்று திறக்க முடியாது. 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து எந்த நிரல் எதைத் தொடலாம் என்று விதிக்கும் எஸ்இலினக்ஸும் முழுக் கட்டாயமாக ஓடுவதால், ரூட்டாக ஓடும் சேவைகளுக்கே கடிவாளம் உண்டு. மேசைக் கணினி லினக்ஸில் இன்றுவரை இந்த அளவு தடுப்பு சாதாரணமாக வந்து சேரவில்லை. இதைச் சாக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, நல்ல பொறியாளர்கள் செய்த நல்ல வேலை இது.

என் கோபம் வேறு இடத்தில். செயலிக்கு ஓர் எண், ஏடிபி ஷெல்லுக்கு (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் வழி) 2000, ரூட்டுக்கு 0. காசு கொடுத்து வாங்கியவருக்கு என்று ஓர் எண்கூட அந்த அமைப்பில் கிடையாது.

செப்டம்பர் 7

லினக்ஸ் கணினியில் செயலிகளைத் தனித்தனிக் கூண்டில் ஓட்டும் ஃப்ளாட்பாக் வந்துவிட்டதே, சன்னல்களைத் திரையில் காட்டும் புது முறையான வேலண்ட் வந்துவிட்டதே என்று கேட்டவருக்கு: ஆமாம், நல்ல மாற்றம்தான். பழைய எக்ஸ்11-இல் ஒரு சன்னலில் நான் தட்டும் எழுத்துகளைப் பக்கத்துச் சன்னலில் ஓடும் நிரல் படிக்க முடியும், வேலண்டில் அப்படி முடியாது. ஃப்ளாட்பாக் செயலிகளில் பல இன்னமும் ஹோம் அடைவு முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் வருகின்றன. ஆனால் அந்த அனுமதியை ஒரு கட்டளையில் நானே பிடுங்கிக்கொள்ளலாம். செயலியை எழுதியவர் என்ன கேட்டிருந்தாலும் கடைசிச் சொல் என்னுடையது. இந்த ஒன்றைத்தான் போனிலும் கேட்கிறேன்.

செப்டம்பர் 9

'கடைசிச் சொல்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் புரியாது, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

குறிப்பு எழுதும் செயலி ஒன்றை நெடுநாள் பயன்படுத்தினேன். படித்ததில் பிடித்தவை, வேலைக் கணக்குகள், இறந்துபோன ஓர் உறவினர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட குடும்பக் கதைகள், எல்லாம் அதில் இருந்தன. செயலியை நடத்தியவர்கள் ஒருநாள் சர்வரை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் செயலியைத் திறந்தால் உள்நுழையும் திரையைத் தாண்டவில்லை. குறிப்புகள் போனுக்குள்ளேதான் இருந்தன, அந்தச் செயலி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அமைப்புகளில் காட்டியது. நான் வாங்கிய போன், நான் எழுதிய எழுத்து, நான் வைத்த பின் நம்பர். திறக்கத்தான் வழி இல்லை.

ஏன் இல்லை? செயலிக்குச் சொந்தமான அடைவை அந்தச் செயலியும் ரூட்டும் மட்டுமே படிக்க முடியும். ஏடிபி வழியாக பேக்கப் எடுக்கும் வசதி முன்பு இருந்தது, ஆனால் செயலியை எழுதியவர் தன் விவரக் கோப்பில் 'பேக்கப் கூடாது' என்று ஒரு வரி போட்டால் அதற்கு அது கட்டுப்படும். ஆண்ட்ராய்டு 12-ஐக் குறிவைத்து எழுதப்படும் செயலிகளின் தரவை ஏடிபி பேக்கப் எடுப்பதே இல்லை. சரி, பூட்லோடரை (போன் ஏறும்போது இயங்குதளத்தை ஏற்றும் முதல் நிரலை) திறந்து ரூட் எடுக்கலாம் என்றால், திறந்த கணமே போனில் உள்ள எல்லாம் அழிக்கப்படும். அந்த அழிப்பு நியாயமானதுதான், இல்லாவிட்டால் போனைத் திருடியவன் அதே வழியில் உள்ளே போய்விடுவான். ஆனால் திருடனையும் பின் நம்பர் தெரிந்த என்னையும் ஒரே தட்டில் வைப்பது எந்த வகையில் நியாயம்?

அதே மேசையில் இருக்கும் லினக்ஸ் கணினியில், வளர்ச்சி நின்றுபோய்ப் பல காலமான ஒரு மின்னஞ்சல் நிரலின் கடிதங்கள் எல்லாம் இன்றும் இருக்கின்றன. எம்பாக்ஸ் கோப்புகள், எந்த எடிட்டரில் போட்டாலும் படிக்கலாம். நிரல் செத்தாலும் கடிதம் சாகவில்லை. இதற்கு நான் எந்த வித்தையும் செய்ய வேண்டியிருக்கவில்லை, ரூட்கூடத் தேவைப்படவில்லை.

செப்டம்பர் 10

"ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வைத்திருக்கலாமே." செயலி திறந்தால்தானே. திறக்கும் காலத்திலும் ஒரு செயலி நினைத்தால் தன் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாமல் தடுக்கலாம், அதற்கும் ஆண்ட்ராய்டில் ஒரு கொடி இருக்கிறது. என் கண் பார்ப்பதை என் போன் பதிவு செய்யலாமா என்பதை முடிவு செய்வதும் செயலியை எழுதியவர்தான்.

செப்டம்பர் 14

ஆரம்பத்திலேயே இப்படித்தான் இருந்ததா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. 2009-இல் வந்த நோக்கியா என்900-இல் மேமோ என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடியது. ஒரு சின்னப் பொதியை நிறுவி ஒரு கட்டளை தட்டினால் ரூட் ஷெல், போன் அழியாது, எச்சரிக்கைத் திரை வந்து மிரட்டாது. கையடக்க லினக்ஸ் கணினியாகவே அதை நினைத்துச் செய்திருந்தார்கள்.

ஆண்ட்ராய்டின் முதல் போனான ஜி1-இல் 2008 கடைசியில் ஒரு விசித்திரமான பிழை இருந்தது. விசைப்பலகையில் தட்டும் எல்லாமே பின்னணியில் ஒரு ரூட் ஷெல்லுக்கும் போய்க்கொண்டிருந்தன. யாருக்கோ செய்தி எழுதும்போது 'ரீபூட்' என்று தட்டி என்டர் அடித்தால் போனே அணைந்து மறுபடி ஏறும். கூகுள் விரைவில் திருத்திவிட்டது. ஆனால் அந்தப் பிழைதான் பலருக்கு முதல் ரூட்டைக் கொடுத்தது, திருத்தம் வந்தபோது வருத்தப்பட்டவர்களும் இருந்தார்கள்.

இதில்தான் எனக்கு உறுத்தல். வாசல் இல்லாத இடத்தில் உரிமையாளரே சுவரில் ஓட்டை இருக்காதா என்று ஏங்குகிறார். 2014-இல் டவல்ரூட் என்ற ரூட் எடுக்கும் செயலி வந்தபோது எத்தனை பேர் கொண்டாடினோம்! அது பயன்படுத்தியது கெர்னலின் ஒரு பாதுகாப்புக் குறையை. 2016-இல் வெளியே தெரிந்த டர்ட்டி கவ், கெர்னலில் 2007-லிருந்தே கிடந்த குறை, அதையும் ரூட் எடுக்கப் பயன்படுத்தினார்கள். நாம் ஒரு சொடுக்கில் உள்ளே போன அதே வழியாகத் தீங்கு செய்யும் செயலியும் போகலாம். தன் கருவியில் பாதுகாப்புத் திருத்தம் வரக்கூடாது என்று அதன் உரிமையாளரே விரும்பும் நிலைக்கு ஒரு வடிவமைப்பு தள்ளினால், அந்த வடிவமைப்பில் கோளாறு இருக்கிறது.

செப்டம்பர் 15

விட்டுப்போன ஒன்று. "லினக்ஸ் கெர்னல் திறந்த மூலம்தானே, சட்டப்படி கேட்க முடியாதா?" கேட்க முடியாது, அதற்கு ஒரு வரலாறு உண்டு.

டிவோ என்ற வீடியோ பதிவுக் கருவி லினக்ஸில் ஓடியது, மூலநிரலையும் உரிமம் கேட்டபடி வெளியிட்டது. ஆனால் நீங்கள் மாற்றி எழுதிய கெர்னலை அந்தக் கருவியில் ஏற்றினால் கையொப்பம் பொருந்தவில்லை என்று ஓட மறுக்கும். நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், வாங்கிய பெட்டியில் ஓட்ட மட்டும் முடியாது. இதைத் தடுக்கத்தான் கெர்னலின் உரிமமான ஜிபிஎல்லின், 2007 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில், வீட்டு உபயோகக் கருவிகளுக்கு, மாற்றிய நிரலை ஏற்றத் தேவையான விவரங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை, கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றது. வன்பொருள் செய்பவருக்கு நிரல் உரிமம் கட்டளையிடக்கூடாது என்பது அவர் பக்கம். ஆண்ட்ராய்டின் மேல்தளம் பெரும்பாலும் அப்பாச்சி உரிமத்தில் இருக்கிறது, அதில் இந்தப் பேச்சே இல்லை.

டோர்வால்ட்ஸ் சொன்னதில் நியாயம் இருப்பதாக அன்று பலருக்குத் தோன்றியது, எனக்கும்தான். கோடிக்கணக்கான போன்களைப் பார்த்தபின் அந்தப் பிரிவு கெர்னலில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒருவேளை தயாரிப்பாளர்கள் லினக்ஸையே விட்டுவிட்டு வேறு கெர்னலுக்குப் போயிருப்பார்களோ, அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 21

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "அப்படியானால் உங்களுக்கு ரூட் வேண்டுமா, வேண்டாமா?" என்கிறார்.

தினசரி போனில், எந்நேரமும் காத்திருக்கும், ரூட்டாக மாற்றும் ஒரு 'சு' கட்டளை எனக்கு வேண்டாம். யோசிக்க யோசிக்க இது தெளிவாகிறது. மனிதர்கள் எதற்காக ரூட் எடுக்கிறார்கள்? பேக்கப் எடுக்க, விளம்பரங்களைத் தடுக்க, கூடவே வந்த வேண்டாத செயலிகளைத் தூக்க, ஒரு செயலி இணையத்துக்குப் போகாமல் மறிக்க. இந்தக் கடைசியைப் பாருங்கள். கேமராவுக்கு அனுமதி கேட்கும் ஆண்ட்ராய்டு, இணையத்துக்கு அனுமதி கேட்பதில்லை. செயலி அறிவித்தாலே நிறுவும்போது தானாகக் கிடைத்துவிடும். ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட கிராபீன்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் அதற்கு ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள், ரூட் தேவையே இல்லாமல் வேலை முடிந்தது. நாம் ரூட் என்று கேட்பதில் பெரும்பகுதி, இப்படி வைக்காமல் விட்ட சுவிட்சுகளின் கணக்கு.

எனக்கு வேண்டியது அதற்கும் ஒரு படி கீழே. எந்த இயங்குதளத்தை இந்தப் போன் நம்ப வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். போன் ஏறும்போது பூட்லோடர் அடுத்த கட்டத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது, அது அதற்கடுத்ததை. ஆண்ட்ராய்டு 7-லிருந்து இந்தச் சோதனை கண்டிப்பானது, சிஸ்டம் பகுதியில் ஒரு பிட் மாறினாலும் தெரிந்துவிடும். அருமையான ஏற்பாடு. சரிபார்க்கும் சாவி யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிக்சல் போன்களில் பூட்லோடரைத் திறந்து, சொந்தச் சாவியைப் பதித்து, மறுபடி பூட்டிக்கொள்ளலாம். அதன்பின் நான் கையொப்பமிட்டதை மட்டுமே அது ஏற்றும், திருடன் மாற்றினாலும் கண்டுபிடிக்கும். பாதுகாப்பும் போகவில்லை, உரிமையும் வந்துவிட்டது. இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

மற்ற இடங்களில் நிலைமை இப்படி இல்லை. ஹுவாவே 2018-இல் அன்லாக் குறியீடு தருவதையே நிறுத்திவிட்டது. சாம்சங் போன்களில் பூட்லோடரைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றினால் சில்லுக்குள் ஒரு மின் உருகி எரியும், அதன்பின் பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பான நாக்ஸை நம்பியிருக்கும் வசதிகள் அந்தப் போனுக்கு வராது. வாடகை வீட்டில் ஆணி அடித்தால் முன்பணத்தில் பிடிப்பார்கள், அது சரி. சொந்த வீட்டில் அடித்ததற்கு ஓர் அறையையே நிரந்தரமாகப் பூட்டிவிடுவது என்ன கணக்கு?

செப்டம்பர் 22

மேஜிஸ்க் பற்றிச் சொல்லவில்லையே என்கிறார்கள். 2016-இல் ஜான் வூ வெளியிட்டது. சிஸ்டம் பகுதியைத் தொடாமல் பூட் இமேஜை (கெர்னல் இருக்கும் பகுதியை) மட்டும் ஒட்டுப்போட்டு ரூட் கொடுக்கும், கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் பூட்லோடர் திறந்தே கிடக்க வேண்டியிருக்கிறது. ஒதுக்கி வைத்த பழைய போனில் வைத்துக்கொள்வேன், மின்னஞ்சலும் பணமும் உள்ள போனில் வைக்கமாட்டேன்.

அக்டோபர் 4

இப்போது என்னை மிகவும் கவலைப்படுத்துவது பூட்லோடர் அல்ல, சான்றளிப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

போனுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லு, 'இந்தப் போனில் இன்ன மென்பொருள் ஏறியிருக்கிறது, பூட்லோடர் பூட்டியிருக்கிறது' என்று கையொப்பமிட்டு வெளியே சொல்ல முடியும். கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவை இதைக்கொண்டு செயலிக்கு ஒரு தீர்ப்பு வழங்குகிறது: அடிப்படை, கருவி, வலுவானது என்று மூன்று நிலைகள். கருவி நிலை தேறக் கூகுள் சான்றளித்த மென்பொருள் வேண்டும். பல வருடங்களாகப் பாதுகாப்புத் திருத்தமே பார்க்காத பழைய போன், தயாரிப்பாளர் கொடுத்த மென்பொருளிலேயே இருந்தால் அதில் தேறிவிடும். மாதாமாதம் திருத்தம் பெறும், பூட்லோடர் பூட்டிய, ரூட்டே இல்லாத கிராபீன்ஓஎஸ் தேறாது. அப்படியானால் அங்கே அளக்கப்படுவது பாதுகாப்பு அல்ல, யாருடைய மென்பொருள் என்பதுதான்.

வன்பொருள் சான்றளிப்பை நேரடியாகப் படித்து, கிராபீன்ஓஎஸ்ஸின் சாவிகளையும் ஏற்றுக்கொள்ளச் செயலி எழுதுபவர்களால் முடியும். வழிமுறையை அந்தத் திட்டத்தினர் எழுதியே வைத்திருக்கிறார்கள். சிலர் செய்திருக்கிறார்கள், பெரும்பாலோர் செய்வதில்லை. என் போனில் ஒரு வங்கிச் செயலி இப்படித்தான் ஒருநாள் காரணம் சொல்லாமல் வெளியேற்றியது. அதே கணக்கை, ரூட் உள்ள, பூட்டே இல்லாத என் லினக்ஸ் கணினியின் உலாவியில் திறந்தால் மறுபேச்சில்லாமல் உள்ளே விடுகிறது. கேட்டுக் கடிதம் எழுதினேன், பொதுவான பதில் வந்தது.

மேசைக் கணினியில் ரூட் இருப்பது ஏன் பயனுள்ளதாக இருக்கிறது? எதிர்ப்பக்கம் இருப்பவர் என் கணினியில் என்ன ஓடுகிறது என்று விசாரிப்பதில்லை என்பதால்தான். விசாரிக்கத் தொடங்கிவிட்டால், பூட்லோடர் திறந்திருந்தும் சொந்தச் சாவி இருந்தும் பயன் குறைந்துவிடும். ரூட் வைத்திருக்கத் தடை இல்லை, வைத்திருந்தால் பணம் அனுப்ப முடியாது, அவ்வளவுதான் என்றாகிவிடும்.

அக்டோபர் 5

"மேசைக் கணினியும் அந்தப் பக்கம்தானே போகிறது?" ஓரளவு. மேக்கில் 2015 முதல் ரூட்டாலேயே சிஸ்டம் கோப்புகளைத் தொட முடியாது. லினக்ஸ் கெர்னலிலேயே 5.4 பதிப்பில், 2019-இல், லாக்டவுன் வந்தது, அதை இயக்கினால் ஓடும் கெர்னலை ரூட்டும் மாற்ற முடியாது. ஸ்டீம் டெக்கில் (கையடக்க விளையாட்டுக் கணினி) இயங்குதளப் பகுதி படிக்க மட்டும்.

எனக்கு இவற்றில் பயம் இல்லை. மேக்கில் மீட்பு நிலைக்குப் போய் அந்தக் காப்பை அணைக்கலாம். ஸ்டீம் டெக்கில் ஒரு கட்டளை போதும். பூட்டு இருக்கிறது, உள்பக்கத் தாழ்ப்பாளும் இருக்கிறது.

இது தொழில்நுட்பக் கட்டாயம் என்பவர்களுக்கு ஓர் உதாரணம்: 2012-இல் வந்த விண்டோஸ் 8-க்குச் சான்று தர மைக்ரோசாஃப்ட் விதிகள் வெளியிட்டது. இன்டெல் வகைக் கணினி என்றால், செக்யூர் பூட்டை (கையொப்பம் பார்த்தே இயங்குதளத்தை ஏற்றும் சோதனையை) அணைக்கவும் சொந்தச் சாவி போடவும் வாங்கியவருக்கு வழி இருந்தே ஆக வேண்டும். ஆர்ம் வகைச் சில்லுள்ள கருவி என்றால், அந்த வழி இருக்கவே கூடாது. ஒரே நிறுவனம், ஒரே வருடம், ஒரே தொழில்நுட்பம், இரண்டு நேரெதிர் விதிகள்.

அக்டோபர் 6

ஐபோன் பற்றிச் சுருக்கமாக. ஆப்பிளின் பூட்டை உடைத்து ஜெயில்பிரேக் செய்வது பதிப்புரிமைச் சட்ட மீறல் ஆகாது என்று அமெரிக்காவில் 2010-இல் விலக்கு கிடைத்தது, ஆனால் வழி செய்து கொடுக்க வேண்டிய கடமை ஆப்பிளுக்கு இல்லை. 2019-இல் வந்த செக்எம்8, ஏ5 முதல் ஏ11 வரையிலான சில்லுகளின் பூட்ரோமிலேயே (சில்லில் மாற்ற முடியாதபடி பதிந்த முதல் நிரலிலேயே) உள்ள குறை, அப்டேட்டால் திருத்த முடியாது. அங்கேயும் ஓட்டைக்காகத்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 16

இடையில் வந்த செய்தியைப் பற்றிப் பலரும் கேட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது: சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில், அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநரின் செயலிகளை மட்டுமே நிறுவ முடியும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் வரும். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வருபவற்றுக்கும் இது பொருந்தும். திறந்த மூலச் செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்டு வெளிப்படையாக எதிர்த்தது, பலர் எதிர்த்தார்கள். இந்த மாதம், ஆபத்தைத் தெரிந்தே ஏற்கும் அனுபவசாலிகளுக்கு ஒரு தனி வழி வைப்போம் என்று கூகுள் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. ஏடிபி வழியாக நிறுவுவதற்கும் தடை இல்லை.

கூகுள் சொல்லும் காரணத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். தொலைபேசியில் பயமுறுத்தி, போலிச் செயலியை நிறுவவைத்துப் பணத்தைப் பிடுங்கும் கும்பல்கள் உண்மை. ஆனால் சரிபார்க்கும் அதிகாரம் ஒரே கதவில் இருந்தால், நாளை ஓர் அரசு அந்தக் கதவைத் தட்டி 'இந்த உருவாக்குநரை நீக்கு' என்று சொன்னால் என்ன ஆகும்? லினக்ஸ் கணினியில் ஒரு களஞ்சியம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றைச் சேர்ப்பேன், அதன் சாவியை நானே நம்பச் சொல்வேன். நம்பிக்கைப் பட்டியல் என் எடிட்டரில் திறக்கும் ஒரு கோப்பு.

நவம்பர் 17

டெர்மக்ஸ் (ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலி) போதாதா என்பவருக்கு: டெர்மக்ஸ் எனக்கு உயிர், ஆனால் அதுவும் தன் எண்ணுக்குள் அடைபட்ட ஒரு செயலிதான். ஆண்ட்ராய்டு 12 வந்ததும் பின்னணியில் ஓடும் துணைச் செயல்முறைகள் மொத்தம் 32-ஐத் தாண்டினால் கொல்லத் தொடங்கியது. இந்த வருடம் பிக்சலில் வந்த லினக்ஸ் டெர்மினல், மெய்நிகர் இயந்திரத்தில் முழு டெபியன் லினக்ஸ், உள்ளே ரூட்டும் உண்டு. அந்த ரூட் டெபியனுக்கு ராஜா, போனுக்கு விருந்தாளி.

நவம்பர் 23

கேள்வி கேட்டவர் புதுப் போன் வாங்கப் போகிறாராம், என்ன பார்க்க வேண்டும் என்கிறார். பூட்லோடரைத் திறக்கத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அப்புறம், அதே மாடலின் தொலைத்தொடர்பு நிறுவனப் பதிப்பை வாங்கிவிடாதீர்கள், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக் பொத்தான் பல சமயம் மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருக்கும். சொந்தச் சாவியோடு மறுபடி பூட்ட முடியுமா என்பது அடுத்தது, இதற்குத் தேறும் மாடல்கள் மிகக் குறைவு. உங்களுக்குக் கட்டாயம் தேவையான செயலிகள் வேறு இயங்குதளத்தில் ஓடுகின்றனவா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

வாங்கியபின், உங்கள் தரவு எதுவும் உள்ளே போவதற்கு முன்பே பூட்லோடரைத் திறந்து வேலையை முடித்துவிடுங்கள், திறக்கும்போது ஒருமுறை அழியும், பூட்டும்போது இன்னொருமுறை அழியும். நீங்கள் கையொப்பமிட்ட இயங்குதளம் ஒழுங்காக ஏறுகிறது என்று பார்க்காமல் பூட்ட வேண்டாம். பூட்டிய பிறகும் ஒருமுறை அணைத்து ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஓஇஎம் அன்லாக்கை அணைக்க வேண்டும். குறிப்புச் செயலி எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரத்திலேயே அதன் ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தி, வரும் கோப்பைக் கணினியில் திறந்து பாருங்கள். அந்தப் பொத்தானே இல்லையென்றால் வேறு செயலியைத் தேடுங்கள்.